திருக்குளமும் திருச்சுற்றும்: உழவாரத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அப்பர் குருபூசையை ஒட்டி 2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய, கோயிலைத் துப்புரவு செய்து செப்பனிடும் நம் உழவாரத் திருப்பணி, 2025 ஆகஸ்ட் 3, ஆடிப் பெருக்கன்று திருவருளால் நிறைவுற்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு மாதம் விட்டதுபோக, மாதம் ஒன்றாக 14 முறை திருச்சியிலிருந்து கும்பகோணம் பக்கத்துக் கோயிலுக்குச் சென்று வந்தோம். கணக்கு ஆகஸ்டிலேயே தணிக்கையாகிவிட்டது. அறிக்கை மட்டும் இப்போது வருவதற்குக் காரணம், பொதுக்குழுவில் எழுந்த கேள்விகளுக்குக் கோபமில்லாமல் பதில் எழுத வேண்டும் என்று குழு கருதியதும், அதற்கு எழுதுபவனுக்கு மூன்று முறை தாளைக் கிழிக்க வேண்டியிருந்ததும்தான்.

திருச்சுற்றில் புல் செதுக்கியது, மகாமண்டபத்தில் வௌவால் எச்சம் நீக்கியது, விளக்குகளையும் பூசைப் பாத்திரங்களையும் துலக்கியது, நந்தவனத்துக்கு வேலி கட்டியது, வெளிமதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தது ஆகிய யாவும் குறித்த காலத்தில், குறித்த செலவில் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. எனவே கேட்கப்பட்டவற்றுக்கு வருகிறோம்.

"பாதி நாள் புல் செதுக்கிவிட்டுப் பாதி நாள் ஊர் சுற்றினார்கள், திருப்பணிப் பணம் உல்லாசப் பயணத்துக்குப் போயிற்று" என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அவர் சொன்னதில் முன்பாதி உண்மை. நான்காம் பயணத்திலிருந்து நண்பகல் வரை பணியும், கட்டிச்சோறு உண்டபின் குடும்பத்தோடு ஓர் இடம் பார்ப்பதும் என்று முறை வைத்துக்கொண்டோம். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சைப் பெரிய கோயில், கல்லணை, பூம்புகார், தரங்கம்பாடி ஆகியவற்றுக்குப் போனோம். பின்பாதி உண்மையன்று. பேருந்து வாடகை, ஓட்டுநர் பேட்டா, நுழைவுக் கட்டணம் யாவும் பயணக் கணக்கு என்ற தனிப் புத்தகத்தில் உள்ளன. பெரியவர்களுக்கு 650 ரூபாய், சிறுவர்க்கு 300 ரூபாய் என்று வந்தவர்களிடமே வாங்கினோம். அந்தக் கணக்கில் விழுந்த 4,300 ரூபாய் துண்டையும் குழு உறுப்பினர்கள் தம் கையிலிருந்து போட்டார்கள். அந்தத் துண்டு விழக் காரணம் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை அரைமணி நேரத்தில் பார்த்து முடித்தோம். எதிரே கடலில் இறங்கிய பிள்ளைகளைக் கரையேற்ற இரண்டரை மணி நேரம் ஆயிற்று. திருச்சி வந்து சேர்ந்தபோது இரவு 1.40. மறுநாள் பள்ளிக்கூடம். அன்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட உறுப்பினர்களிடம் குழு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது. அவ்வளவு தூரம் திட்டமிட்டது பிழைதான்.

ஆனால் ஊர் பார்க்கும் ஏற்பாடே வேண்டாததாய் இருந்தது என்பதைக் குழு ஏற்காது. முதல் மூன்று பயணங்களில் அந்த ஏற்பாடு இல்லை. ஆண்கள் மட்டும் போனோம். முதல் மாதம் 38 பேர், இரண்டாம் மாதம் 21 பேர், மூன்றாம் மாதம் 11 பேர். அந்தப் 11 பேரில் 9 பேர் குழு உறுப்பினர்கள். திருப்பணி அத்தோடு நின்றிருக்கும். அந்த மூன்றாம் பயணத்தில்தான் பித்தளைத் தூக்கு விளக்குகளைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, கழுவியும் போகாத வெள்ளைத் திட்டுகளோடு மாட்டிவிட்டு வந்தோம். கைப்பேசியில் அதைப் பார்த்த குழு உறுப்பினர் ஒருவரின் மனைவி, "ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இல்லாமல் போய் இதைத்தான் செய்தீர்களா? எங்களையும் கூட்டிப் போயிருந்தால் புளியும் சாம்பலும் கொண்டு வந்திருப்போமே" என்றார். நான்காம் பயணத்தில் 17 சிறுவர்கள் உட்பட 52 பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பயணத்திலும் 45 பேருக்குக் குறைந்ததில்லை.

கருவறையிலிருந்து நீர் வெளியேறும் வடபுறக் கோமுகி அடைத்துக்கொண்டு, அபிடேக நீர் உள்ளேயே தேங்கிக் கிடந்தது. ஐந்தாம் பயணத்தில் மூங்கில் பிளாச்சை விட்டுக் குடைந்தும் பெரியவர்களுக்கு வசப்படவில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கம் மண்டியிட்டு, கையை முழங்கை வரை நுழைத்து, இழுத்தான். எண்ணெயில் ஊறிய திரி, வாடிய வில்வம், மயிர் எல்லாம் கறுத்த ஒரே உருண்டையாய், அவன் முட்டி அளவுக்கு வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது. அவன் முகத்தைத் துடைக்கவில்லை. குருக்களிடம் ஓடி, "இன்னொரு குடம் ஊத்துங்க மாமா, நான் வெளியே நின்னு பாக்கணும்" என்றான். குருக்கள் மூன்று குடம் ஊற்றினார். அன்று மாலை தாராசுரத்தில், காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாய் அமைந்த சிற்பத்தின் முன் எல்லாப் பிள்ளைகளும் முண்டியடிக்க, இவன் மட்டும் விமானத்தைச் சுற்றிப் போய் அங்குள்ள கோமுகி அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இதற்குப் பயணக் கணக்கில் ஆன செலவு 300 ரூபாய்.

இனித் திருக்குளம். ஒப்பந்தக்காரருக்கு மதிப்பீட்டைவிட 17,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது ஏன் என்பதுதான் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி. விரிவாகவே சொல்கிறோம், பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

குளம் 100 அடி நீளம், 80 அடி அகலம். சராசரி 3 அடி ஆழத்துக்கு வண்டல் எடுப்பதென்று முடிவாயிற்று. அது 24,000 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்ற வழக்கப்படி 240 யூனிட். யூனிட்டுக்கு 700 ரூபாய் வீதம் 1,68,000 ரூபாய் என்று மதிப்பிட்டோம். அறநிலையத் துறையின் அனுமதியோடு, உபயதாரர் பணியாக, 2025 மே மாதம் முதல் வாரத்தில் வேலை தொடங்கியது. ஜூன் 5க்குள் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் சில நாளில் அரசலாற்று வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும், அதற்குப் பிறகு குளத்துக்குள் இயந்திரம் இறங்காது.

வேலை முடிந்ததும் வந்த பட்டியலில் 312 யூனிட் என்று இருந்தது. தொகை 2,18,400 ரூபாய். அதாவது 50,400 ரூபாய் அதிகம். ஒப்பந்தக்காரர் டிப்பர் நடைகளை எண்ணி, வண்டி அளவில் கணக்குப் போட்டிருந்தார். குழியில் இறுகிக் கிடக்கும் களிமண் வெட்டி அள்ளியதும் பொங்கும் என்பது மண்வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். குழியில் 100 கன அடியாக இருந்தது வண்டியில் 125, 130 என்று நிற்கும். நாங்கள் சொன்னது குழி அளவு, அவர் கொண்டது வண்டி அளவு. ஒப்பந்தத் தாளில் இரண்டில் எதுவும் எழுதப்படவில்லை. "யூனிட்டுக்கு 700" என்று மட்டுமே இருக்கிறது. தாளை எழுதியவன் இவ்வறிக்கையை எழுதுபவனே. அந்தக் குறையை வேறு எவர் தலையிலும் கட்ட விரும்பவில்லை.

நம் நல்லூழ், குழுவில் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். தொடக்க நாளிலேயே, எடுத்த ஆழம் பிறகு தெரிவதற்காக நான்கு இடங்களில் தோண்டாமல் மண்திட்டு விட வேண்டும் என்று பிடிவாதமாய் நின்று விடச் செய்தார். எங்களில் சிலர் அப்போது அவரைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்ததும் உண்டு. மே 28 இரவு அவற்றில் இரண்டு திட்டுகள் காணாமற்போயின. இருட்டில் இயந்திர ஓட்டுநர் தெரியாமல் வழித்துவிட்டார் என்றார் ஒப்பந்தக்காரர். எஞ்சியவற்றில் ஒன்று 3 அடி 1 அங்குலம், மற்றொன்று 2 அடி 11 அங்குலம். போன இரண்டும் ஆழமான பகுதியில் இருந்தவை, அங்கே நாலடிக்கு மேல் எடுத்தோம் என்றும் அவர் வாதாடினார். மூன்று நாள் பேச்சு நகரவில்லை. குரல்கள் உயர்ந்ததும், கோயில் வாசலில் ஊரார் கூடியதும் உண்மை; அதற்காக வெட்கப்படுகிறோம்.

தீர்வு வந்தது ஊர் சுற்றிய கூட்டத்திலிருந்து. மே 18 பயணத்தன்று, வேலை முடிந்திருந்த பகுதியில் இறங்கி விளையாடிய ஓர் அண்ணனும் தங்கையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கை பின்னர் காணாமற்போன திட்டுகளில் ஒன்றின்மேல் நிற்கிறாள். அண்ணன் கீழே, வெறுங்காலோடு, திட்டை ஒட்டி நிற்கிறான். திட்டின் விளிம்பு அவனுடைய கால்சட்டைப் பையின் வாய்க்கு நேரே இருக்கிறது. ஓவர்சீயர் அவர்கள் வீட்டுக்கே போய், அதே கால்சட்டையை அணியச் சொல்லி, தரையிலிருந்து நாடா பிடித்தார். 2 அடி 11 அங்குலம். படத்தையும் நாடாவையும் பார்த்த ஒப்பந்தக்காரர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பேசி முடிப்போம்" என்றார்.

240 யூனிட்டோடு, வடகிழக்கு மூலையில் நாங்களே கூடுதலாக ஆழப்படுத்தச் சொன்ன 14 யூனிட்டையும் சேர்த்தால் 1,77,800 ரூபாய். கொடுத்தது 1,85,000 ரூபாய். நடுவே நிற்கும் 7,200 ரூபாய்க்கு அளவுக் கணக்கில் இடமில்லை. ஜூன் 6 அன்று மதகு வாயில் குவிந்த மண்ணை அள்ளாமல் இயந்திரத்தை ஓட்டிச் சென்றுவிடுவதாக அவர் சொன்னார்; வேறு இயந்திரம் வர ஒரு வாரம் ஆகும். மதகு திறவாமல் தண்ணீர் கடந்து போயிருந்தால் அடுத்த ஆண்டுவரை குளம் வெறும் பள்ளம்தான். கூட்டத்தில் இருந்த 8 பேரில் 5 பேர் கொடுத்துவிடலாம் என்றார்கள், 3 பேர் கூடாது என்றார்கள். அந்த மூவரில் எழுதுபவனும் ஒருவன். எனினும் தீர்மானம் குழுவின் தீர்மானம், அதற்கு நானும் பொறுப்பு. மேட்டூர் ஜூன் 12 அன்றே திறந்தது. ஆடிப் பெருக்கன்று தண்ணீர் மேலிருந்து ஏழாம் படியைத் தொட்டு நின்றது. அன்று எதிர்த்து வாக்களித்தது சரிதானா என்று அந்தப் படியில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிடும்போது எனக்கே ஐயம் வந்தது.

மண்ணை விற்றுவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. ஒரு கூடை மண்கூட கோயில் எல்லையைத் தாண்டவில்லை. முக்கால் பங்கு நந்தவனத்து மேட்டிலும் மீதி குளக்கரையிலும் பரப்பப்பட்டது. நந்தவனத்தில் அரளியும் நந்தியாவட்டையும் இடுப்புயரம் வளர்ந்திருக்கின்றன, சென்று பார்க்கலாம்.

மற்றொரு கூடுதல் செலவு 11,600 ரூபாய். அது படித்துறைக் கைப்பிடிச் சுவருக்குச் சிமென்ட் பூசாமல் சுண்ணாம்புக் காரை பூசியதால் வந்தது. பழைய செங்கல்லின்மேல் சிமென்ட் பூசினால் உள்ளீரம் வெளியேற வழியின்றி, உப்புப் பூத்து, செங்கல்லே உதிரத் தொடங்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்தார்கள். தொட்டியைச் சுற்றி எறும்புதான் அதிகம் திரண்டது.

உபயதாரர் பெயர்களைக் கல்லில் வெட்டாதது பற்றி வருத்தம் தெரிவித்த உறுப்பினர், தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டச் செய்ததை எடுத்துக்காட்டினார். நல்ல எடுத்துக்காட்டு. அங்கே "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொல்லியிருக்கிறான். குழாய் விளக்கின்மேல் உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைத்த அனுபவம் நமக்கு முன்பே இருப்பதால், எல்லாரையும் "மற்றும் குடுத்தார்" வரிசையில் வைப்பதெனக் குழு தொடக்கத்திலேயே தீர்மானித்தது. பெயர்கள் வரவுப் புத்தகத்தில் உள்ளன. இங்கே கொடையைச் சொல்கிறோம், கொடுத்தவருக்குத் தெரியும்.

மண்வெட்டி ஆறும் கடப்பாறை இரண்டும் தந்த ஓய்வு பெற்ற அஞ்சலக ஊழியர். 14 மாதமும் துடைப்பமும் தேங்காய் நாரும் வாங்கி வந்த தம்பதியர். மகள் திருமணத்தில் மிஞ்சியதென்று 25,000 ரூபாய் கொடுத்தவர். மகள் திருமணத்தைத் தள்ளிவைத்த நிலையிலும் 1,000 ரூபாய் கொடுத்தவர். வேலிக் கம்பியைக் கொள்முதல் விலைக்கே தந்த கடைக்காரர். இரண்டு ஏணியும் இரவல் கொடுத்து, ஒன்று உடைந்தபோது விலை வாங்க மறுத்த பந்தல்காரர். குனிய முடியாததால் முக்காலியில் உட்கார்ந்து, பயணத்துக்கு 200 திரி வீதம் திரித்துக் கொடுத்த 81 வயது அம்மையார். புளியோதரையும் தயிர்சாதமும் 50 பேருக்குக் கட்டி எடுத்து வந்த ஆறு வீடுகள். உண்டியலை உடைத்து 412 ரூபாயைச் சில்லறையாகவே கொட்டிய இரண்டு பிள்ளைகள். சுண்ணாம்பு வாங்க வட்டியின்றிக் கைமாற்றுக் கொடுத்து, பிறகு அதையே உபயமாக்கிக்கொண்ட உறுப்பினர். பொதுக்குழுவில் மிகக் கடுமையாகக் கேள்வி கேட்டவரும், அதற்கு முன்பே 10,000 ரூபாய் கொடுத்திருந்தவருமான அதே அன்பர். அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

திருப்பணிக் கணக்கில் வரவு 4,51,200 ரூபாய். மதிப்பீடு 4,10,000 ரூபாயாக இருக்க, செலவு 4,38,600 ரூபாய். மீதி 12,600 ரூபாய் சங்கக் கணக்கில் வங்கியில் உள்ளது. அது அடுத்த கோடையில் மதகைச் செப்பனிட ஒதுக்கப்பட்டிருக்கிறது. விமானத்தின் மேற்கு முகத்தில் கிளைத்திருக்கும் அரசங்கன்றை நாங்கள் தொடவில்லை. வெறுமனே வெட்டினால் வேர் உள்ளே இன்னும் பருக்கும் என்பதால், அறநிலையத் துறையின் தபதி (கோயிற் சிற்பி) பார்க்க வேண்டுமென மனு கொடுத்திருக்கிறோம். கருவிகள் மடப்பள்ளி அறையில் பூட்டப்பட்டுள்ளன. சாவி குருக்களிடம் இருக்கிறது. இருப்பில் ஒரு கடப்பாறை குறைகிறது. எவர் பேருந்துப் பெட்டியிலாவது தங்கியிருந்தால் தெரிவிக்கவும்.

வரவு செலவுப் புத்தகங்கள், பயணக் கணக்கு, நாடா பிடித்த படம் ஆகியவற்றை ஞாயிறுதோறும் காலை 10 மணிமுதல் சங்க அறையில் பார்வையிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்,
திருப்பணிக் குழு