கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி: ரயில் ஆர்வலர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அடுத்த வருடாந்த விரிவுரை நாளுக்கென்று நீங்கள் சுற்றுக்கு விட்ட நிகழ்ச்சி நிரலைப் படித்தோம். ஹட்டனில் மண்டபம். காலை 9.30க்குத் தொடக்கம், எட்டு விரிவுரைகள், மாலை 5.30க்கு நன்றியுரை. மண்டபம், ஒலி, திரை, தேநீர் ஆகியவற்றைப் பொறுப்பெடுக்கும் உறுப்பினர்கள் என்ற முறையில் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: இந்த நிரலைக் கீழிருந்து மேலாக எழுதுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரியுங்கள். தொடக்க நேரம் தானாக வரும்.

மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ போகிறவரின் பயணம் பஸ் நிறுத்தத்தோடு முடிவதில்லை. இறங்கிய பிறகு தோட்டப் பாதையில் ஓட்டோ கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் நடக்க வேண்டும். ராகலை, கந்தப்பளைப் பக்கத்தார் இரண்டு பஸ் மாற வேண்டும். பனி இறங்கிவிட்டால் பஸ்ஸும் மெதுவாகத்தான் வரும். ஆகவே மூன்று மணிக்கே பின்வரிசைக் கதிரைகள் நகரும் சத்தம் கேட்கத் தொடங்கும். 5.30க்கு மண்டபத்தில் இருப்பவர்கள் கார் வைத்திருப்பவர்களும் அந்தக் காரில் இடம் கிடைத்தவர்களும்தான். கடைசி விரிவுரையை வழக்கமாக இளம் உறுப்பினர் ஒருவருக்குத்தான் கொடுக்கிறோம். மூன்று மாதம் உழைத்துப் படங்கள் சேகரித்தவர் வெறுங்கதிரைகளைப் பார்த்துப் பேசுவார்.

நிரலின் முதற்பகுதியைக் கூட்டிப் பார்த்தோம். விளக்கேற்றல் 10 நிமிடம், இறைவணக்கம் 5, வரவேற்பு நடனம் 8, வரவேற்புரை 7, தலைமையுரை 10, மூன்று வாழ்த்துரைகள் 21, பொன்னாடை 9. மொத்தம் 70 நிமிடம். ஒன்றரை விரிவுரையின் நேரம் அது. பொன்னாடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகப் போர்த்தலாம். விளக்கும் வரவேற்புரையும் சேர்ந்து 12 நிமிடத்துக்குள் முடியட்டும். (விளக்குக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும், ஹட்டன் காலையில் திரி பற்றாது. விருந்தினர் ஏழு பேரும் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்பார்கள். நல்லெண்ணெய் வாங்குங்கள், திரியை முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள்.)

நாங்கள் முன்வைக்கும் நேரம் இது: 9.30க்கு விளக்கு. 9.45க்கு முதல் விரிவுரை, 10.30க்கு இரண்டாவது. 11.15க்குத் தேநீர். 11.35க்கு மூன்றாவது. 12.20க்குச் சாப்பாடு. 1.15க்கு நான்காவது. 2.00க்கு மூன்று உறுப்பினர்களின் எட்டு நிமிடக் குறும்பேச்சுகள். 2.45க்குக் கதவு திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு விரிவுரையிலும் 35 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி. சிங்களத்தில் பேசும் அறிஞரை அழைத்து வசனத்துக்கு வசனம் மொழிபெயர்ப்பதென்றால் நேரம் இரட்டிப்பாகும். அவரிடம் 17 நிமிடப் பேச்சைத்தான் கேட்க வேண்டும், அதையும் அழைப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும். மேடையில் துண்டுச் சீட்டு நீட்டினால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

திகதி விடயத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஜூன் மாதம் தென்மேல் பருவமழை. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் சரிவில் அது இறங்கும்போது தகரக் கூரைக்குக் கீழே எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. நவம்பர் மழையில் பாதையே மிஞ்சுமா என்பது சந்தேகம். பதுளைப் பக்கம் ஜனவரி வரை ஈரம்தான். ஏப்ரலில் நுவரெலியா சீசன், தங்குமிடம் கிடைக்காது. மிஞ்சுவது பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையான நான்கு ஐந்து ஞாயிறுகள். அதிலும் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் நடந்துகொண்டிருக்கும். போயாவை (பௌர்ணமியை) ஒட்டிய வார இறுதியில் ஹட்டன் பஸ் நிலையத்தில் கால் வைக்க முடியாது. சிவராத்திரிக்கு மறுநாளும் ஆகாது, கண்விழித்தவர்கள் வரமாட்டார்கள். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டிக் கைக்கு வரும், அதற்கடுத்த ஞாயிறு டவுன் முழுக்கச் சாமான் வாங்குகிற கூட்டம். அதற்கும் அடுத்த ஞாயிறுதான் நல்லது: பஸ்ஸில் இடம் இருக்கும், சந்தா கட்டக் கையில் கொஞ்சம் காசும் மிஞ்சியிருக்கும்.

எட்டுத் தலைப்புகளில் ஆறு எஞ்சின் வகைகளைப் பற்றியவை. எஞ்சின் பேச்சு கேட்க எங்களுக்கும் ஆசைதான். ஆனாலும் ஒரு மலையகச் சங்கத்தின் விரிவுரை நாளில் பாதை போட்ட கைகளைப் பற்றி ஒரு தலைப்பும் இல்லை என்பது உறுத்துகிறது. கண்டிக்குக் கோச்சி, அதாவது ரயில், வந்தது 1867இல், கோப்பிக்காக. இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலைத்துரு நோய் தொடங்கிவிட்டது. பாதை நாவலப்பிட்டியை அடைந்த 1874க்கும் நானுஓயாவை அடைந்த 1885க்கும் இடையில் மலையின் பயிரே மாறியது. கோப்பிக்குத் திட்டமிட்ட பாதை தேயிலையை இறக்கியது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல்தான். இந்த அறுபது வருடத்தில் மண் வெட்டியவர்கள் யார், கல் சுமந்தவர்கள் யார், பிறகு தண்டவாளத்தைப் பராமரித்த கேங்குகளில் இருந்தவர்கள் எந்தத் தோட்ட லயங்களிலிருந்து வந்தார்கள் என்று ஒரு முழு விரிவுரை பேசலாம். அதற்குச் சான்று தேடுவது எஞ்சின் எண்களைத் தேடுவதைவிடக் கடினம். அதனால் நான்கு மாதத்துக்கு முன்பே ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இன்னொரு தலைப்பு நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஓடிய ஒடுங்கிய பாதை. 1900களின் தொடக்கத்தில் திறந்து 1940களில் மூடப்பட்டது. அது ஓடக் கண்டவர் யாரும் இன்று இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அப்படி ஒருவரை மேடைக்கு அழைத்து மைக்கைக் கையில் கொடுக்காதீர்கள். கூட்டத்தைக் கண்டதும் நினைவு ஒடுங்கிவிடும். வீட்டுக்குப் போய், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்துப் பதிவுசெய்து, 12 நிமிடமாகச் சுருக்கி மண்டபத்தில் ஒலிக்கவிடுங்கள். வானொலிப் பெட்டியை அணைக்கச் சொல்லுங்கள், சேவலுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

கதையையும் பதிவையும் பிரித்துச் சொல்லும்படி பேச்சாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கங்காணி தலைப்பாகை கட்டுவதைப் பார்த்துத்தான் தெமோதரைச் சுற்றுப்பாதை வரையப்பட்டது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். நல்ல கதை. அதைச் சொல்லட்டும், “கதை” என்று சொல்லிச் சொல்லட்டும். அடுத்த படத்தில் நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் அதே பாதை நுழைவதைக் காட்டட்டும்.

செலவில்லாத இரண்டு காட்சிகளை நிரலில் சேர்க்கக் கேட்கிறோம். முதலாவது, மண்டபத் தரையில் வெள்ளை டேப்பால் நான்கு கோடுகள். இரண்டு கோடுகள் 1,676 மில்லிமீற்றர் இடைவெளியில், அதாவது ஐந்தரை அடி: இது நம் அகலப் பாதை. பக்கத்தில் இரண்டு கோடுகள் 762 மில்லிமீற்றர் இடைவெளியில், இரண்டரை அடி: இது ராகலைப் பாதை. அளவு தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு. ஆகவே டேப்பின் நடுவிலிருந்து அளக்காமல் உள்பக்க ஓரத்திலிருந்து அளக்க வேண்டும். தேநீர் நேரத்தில் பிள்ளைகள் ஒடுங்கிய பாதையில் இரண்டு கோட்டிலும் காலை அகட்டி நிற்பார்கள், அகலப் பாதையில் அது முடியாது. காகித மாஸ்கிங் டேப் வாங்குங்கள். பொதி கட்டும் பிளாஸ்டிக் டேப் தரைப் பூச்சை உரித்துக்கொண்டு வரும், மண்டபக் காப்பாளர் வைப்புப் பணத்தில் கைவைப்பார்.

இரண்டாவது, 44க்கு 1 என்ற மலைப்பாதைச் சரிவு. 220 சென்ரிமீற்றர் நீளமான நேர்ப்பலகை ஒன்றை மேசையில் வைத்து, ஒரு முனைக்குக் கீழே 5 சென்ரிமீற்றர் கட்டையைக் கொடுத்தால் அதே சரிவு. வெறுங்கண்ணுக்குப் பலகை மட்டமாகத்தான் தெரியும், “இதுவா சரிவு?” என்று கேட்பார்கள். அதன் மேல் மாதிரித் தண்டவாளம் பொருத்தி, ஊசிமுனை அச்சுள்ள மாதிரிப் பெட்டி ஒன்றை மேல்முனையில் வைத்துக் கையை எடுங்கள், அது தானாக இறங்கும். இரும்புச் சில்லு இரும்பில் உருளும்போது தடை மிகக் குறைவு என்பதுதான் ரயிலின் பலம், மலையில் அதுவே பயம். 300 தொன் ரயிலை இந்தச் சரிவில் ஏற்ற, மற்ற எல்லாத் தடைகளுக்கும் மேலாக ஏறத்தாழ 6.8 தொன் இழுவிசை தேவை என்று பேச்சாளர் அந்த நேரத்தில் சொன்னால் எண் மனதில் நிற்கும். கடை விளையாட்டுப் பெட்டி உதவாது, பிளாஸ்டிக் அச்சு உராய்ந்து அப்படியே நிற்கும். மேசை மட்டமா என்று முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மலையக மண்டபத் தரைகள் தமக்கென்று ஒரு சரிவு வைத்திருக்கும்.

இனித் திரை. மண்டபத்தின் கிழக்கு யன்னல்களில் காலை வெயில் விழும், கறுப்புப் பொலித்தீன் கட்டாவிட்டால் பழைய புகைப்படம் ஒன்றும் தெரியாது. படத்தின் உயரம் ஒன்றரை மீற்றர் என்றால் கடைசிக் கதிரை 9 மீற்றருக்குள் இருக்கட்டும், திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.3 மீற்றருக்குக் குறையக் கூடாது. புரொஜெக்டரை இரவில் வேனில் விட்டுவைக்காதீர்கள். குளிர்ந்த லென்சை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் மூச்சின் ஈரம் அதில் படிந்து படம் பால்போல மங்கும். துடைத்தால் மறுபடி படியும். பையை மூடியபடியே ஒரு மணித்தியாலம் உள்ளே வைத்துப் பிறகு திறக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை பாமினி. இன்னும் பாதிப் பேர் அந்த எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். மண்டபக் கணினியில் அது இல்லையென்றால் “தமிழ்” என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாகத் திரையில் நிற்கும். சபை சிரிக்கும், பேச்சாளர் வியர்ப்பார். எல்லோரும் பத்து நாளுக்கு முன் பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும், அப்போது எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும். காலையில் பென்டிரைவோடு வருகிறவருக்கு இடமில்லை என்று அழைப்பிலேயே எழுதுங்கள். எழுதினாலும் ஒருவர் வருவார், அவருக்காக ஒரு மடிக்கணினியில் பாமினியைப் போட்டு வைத்திருக்கிறோம்.

மின்சாரமும் தேநீரும் எங்களுக்கு ஒரே பிரச்சினை. அறுபது பேருக்கு இரண்டு தடவை தேநீர் என்றால் 120 கோப்பை, 18 லீற்றர் தண்ணீர், 270 கிராம் தேயிலை, ஒன்றேகால் கிலோ சீனி. பால் தேநீர் என்றால் 400 கிராம் பால்மா பெட்டி மூன்றரை. 20 லீற்றர் மின்கொதிகலன் 2,500 வாட் என்றால் கொதிக்க 45 நிமிடத்துக்கு மேல் எடுக்கும், 11 அம்பியர் இழுக்கும். பழைய மண்டபங்களில் வட்டமுள் 5 அம்பியர் பொருத்திகள்தான் அதிகம். அதில் அடாப்டர் மாட்டிக் கொதிகலனைப் போட்டால் பொருத்தி கருகும், இல்லாவிட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து புரொஜெக்டரும் மைக்கும் சேர்ந்து சாகும். அது பெரும்பாலும் 11 மணிக்கு, இரண்டாவது விரிவுரையின் நடுவில் நடக்கும். ஆகவே தேநீர் விறகடுப்பில், மண்டபத்துக்கு வெளியே. (ஹட்டன் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். தேயிலையை ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிடுங்கள்.) மின்வெட்டுக்கு 1 கேவிஏ யூபிஎஸ் ஒன்று புரொஜெக்டருக்கு மட்டும். முக்கியமான ஆறு படங்களை ஏ3 தாளில் அச்சடித்து வைத்திருந்தால், யூபிஎஸ் தீர்ந்த பிறகும் பேச்சு தொடரும்.

கம்பியில்லா மைக் இரண்டு, கம்பி மைக் ஒன்று. பற்றரி சாப்பாட்டு நேரத்தில் மாற்றப்படும், தீர்ந்ததா இல்லையா என்று பார்க்காமலே.

பிற்பகலில் ரயில் நிலையத்துக்குப் போய் டேப்லட் கருவியைப் பார்ப்பது என்று நிரலில் ஒரு வரி இருக்கிறது. (டேப்லட் என்பது ஒற்றைப் பாதையில் போக ரயிலுக்கு அனுமதியாகக் கொடுக்கும் உலோகத் தட்டு.) அந்த வரியை எடுத்துவிடுங்கள், அல்லது வேறொரு நாளில் எட்டு எட்டுப் பேராகப் போக ரயில்வே திணைக்களத்திடம் ஆறு வாரத்துக்கு முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களின் கருவிகளும் மின்சாரத்தால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன. ஒரு டேப்லட் வெளியே வந்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை எந்த முனையிலும் இன்னொன்றை எடுக்க முடியாது. நிலைய அதிபர் அந்த மணி ஒலிகளைக் கேட்டு எண்ணிக்கொண்டிருக்கும் அறைக்குள் அறுபது பேர் கைபேசியோடு நுழைவது முறையல்ல. டேப்லட்டை வளையப் பையில் போட்டு ஓடும் எஞ்சினுக்குக் கொடுப்பதை ரயில் மேடை நுனியிலிருந்து யாரும் பார்க்கலாம், அதற்கு ஒரு டிக்கட் போதும்.

சாப்பாட்டுப் பார்சல் கணக்கு ஐந்து நாளுக்கு முன் மூடட்டும், அதற்கு மேல் மூன்று பார்சல் கூடுதலாகச் சொல்லுங்கள். மரக்கறி, மீன் இரண்டையும் வெவ்வேறு நிற நூலால் கட்டச் சொல்ல வேண்டும்.

செயற்குழு அடுத்த கூட்டத்தில் இரண்டைத் தீர்மானித்தால் போதும்: நான்கு விரிவுரை, 2.45க்கு முடிவு. 220 சென்ரிமீற்றர் பலகை சீவி வார்னிஷ் பூசித் தயாராக இருக்கிறது, கட்டையை மட்டும் இன்னும் அரை மில்லிமீற்றர் இழைக்க வேண்டும். திகதியைச் சொல்லுங்கள், மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
மண்டபம், ஒலி, திரை, தேநீர்ப் பொறுப்பிலுள்ள உறுப்பினர்கள்