ஆண்டறிக்கை 2024–25: மழையும் மொட்டை மாடி சாவியும்

சென்னை வியாசர்பாடியில் நம் தெருச் சங்கத்தின் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தெருவிளக்கு, குப்பை வண்டி வரும் நேரம், நாய்த் தொல்லை என்று மூன்று மனுக்கள் கொடுத்தோம். விளக்கு எரிகிறது, மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. பொங்கல் கோலப்போட்டி நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரம் முழுக்க, சென்ற பொதுக்குழுவில் நீங்கள் என் தலையில் கட்டிய வேலையைப் பற்றித்தான்: வீட்டுக்கு வீடு மழைக்குத் தயாராவது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாளை நான் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி, பக்கிங்காம் கால்வாயும் கடலும் வாங்கிக்கொள்ளாமல், வியாசர்பாடித் தண்ணீர் வியாசர்பாடிக்கே திரும்பி வந்தது. அன்று இரவு என் வீட்டு சமையலறைக் கதவை யாரோ தட்டுவதுபோல் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து கதவில் முட்டிக்கொண்டிருந்தது. காலி சிலிண்டர்தான் மிதக்கும் என்று நினைத்திருந்தேன். 14.2 கிலோ கேஸ் நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி ஜன்னல் கம்பியில் கட்டிவைப்பதுதான் வழி. கேஸ் வாசனை வந்தால் 1906.

ஆகஸ்டில் வீடு வீடாகப் போனோம். சும்மா சொல்லக்கூடாது, எல்லார் வீட்டிலும் டார்ச் இருந்தது. பாதி டார்ச்சில் பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருந்தது. பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் பீரோவின் அடித்தட்டில். கேட்டால் "பத்திரமா இருக்கட்டும்னுதான்" என்கிறார்கள். முட்டியளவு தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அந்தத் தட்டுதான். 2023-இல் மொட்டை மாடியில் துணி கிளிப் மாட்டிப் பத்திரம் காயவைத்த குடும்பம் நம் தெருவிலேயே உண்டு. இப்போது பெரும்பாலான வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, பரணுக்கு ஏற்றிவிட்டோம். ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றிக்கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு நன்றி.

குடிதண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர், மூன்று நாள். நாலு பேர் வீட்டுக்கு 36 லிட்டர், அதாவது இரண்டு கேன். தரைத்தள சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடியை ஈரமண்ணோ களிமண்ணோ வைத்து அடைக்கச் சொன்னோம், சாக்கடை கலந்துவிட்டால் சம்ப்பை இறைத்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடாமல் தொடக்கூடாது. கழிப்பறை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வரும் வீடுகளில் கோப்பைக்குள் மணல் மூட்டை. கேட்டால் அருவருப்பாக இருக்கும், வந்தபின் அருவருப்பு இன்னும் அதிகம். தண்ணீர் வாசலைத் தொடும்போதே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், தெருவில் மின்சாரப் பில்லர் பாக்ஸ் பக்கம் போகவே கூடாது.

மருந்து விஷயத்தில் நம்மில் பலர் சர்க்கரைக்காரர்கள். இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரிக்குள் வெளியில் நான்கு வாரம் வரை தாங்கும். சின்ன டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தால் போதும். எதற்கும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சாவி விஷயம். மிக்ஜாம் இரவில் மாடிக்கு ஓடிப்போன பலர், மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்ததால் படிக்கட்டிலேயே விடியவிடிய உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் வேறு ஏரியா, சாவி அவரிடம். வீட்டுக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. மாடியில் பையன்கள் குடிக்கிறார்கள், டேங்க் மூடியை உடைக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் தரைத்தளக் குடும்பம் எவ்வளவு தயாராக இருந்தாலும் ஏற இடம் இல்லையென்றால் என்ன பயன்? மூன்று மாதம் அலைந்து, சாவி சங்கத்திடம்தான் இருக்கும், எச்சரிக்கை வந்தால்தான் திறப்போம் என்று எழுதிக்கொடுத்து, ஒன்பது கட்டடங்களின் மாற்றுச் சாவியை வாங்கினோம். என்னைக் கேட்டால் இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான வேலை இதுதான்.

2024 அக்டோபர் 15 கனமழையில் அது சோதனைக்கு வந்தது. மாலைக்குள் ஏழு மாடிகளைத் திறந்தோம். ஒரு ஆயா மட்டும் தரைத்தளத்தை விட்டு வரமாட்டேன் என்றார். சாமான் மேல் ஆசையா, பூனையா என்று என்னென்னவோ கேட்டோம். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "மேல் வூட்டுல போய் ராத்திரி பாத்ரூம் கேக்க வெக்கமா கீதுப்பா." எங்கள் பட்டியலில் இல்லாத விஷயம். முதல் மாடி அக்கா தானே இறங்கி வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். இப்போது எந்தத் தரைத்தள வீட்டு முதியவர் எந்த மாடி வீட்டுக்குப் போவார் என்று முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறோம்.

மறுநாள் சிவப்பு எச்சரிக்கை, பள்ளிகளுக்கு விடுமுறை. ஆனால் மேகம் வடக்கே நகர்ந்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கு "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க" என்று பலர் சாமானை ஏற்றவே இல்லை. சிவப்பு என்றால் 21 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ பெய்யும் வாய்ப்பு. எந்தத் தெருவில் பெய்யும் என்று யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது. என் வீட்டிலும் அன்று சிலிண்டர் கட்டப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மழை தவிர நமக்கு இன்னொரு பயமும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மக்கள் இருட்டில் ஓடினார்கள். வாயுக் கசிவு என்றால் நம் சாவித் திட்டம் செல்லாது, யாரும் மாடிக்கு ஏறக்கூடாது. ஜன்னலை அடைத்து, ஈரத்துண்டால் மூக்கைப் பொத்தி உள்ளேயே இருக்க வேண்டும். வெளியேறச் சொன்னால் வாயு வரும் காற்றுக்குக் குறுக்கே போக வேண்டும். இதற்கு ஒத்திகை வைக்க நினைத்தோம், நடக்கவில்லை. அடுத்த செயலாளர் செய்யட்டும்.

1913 மாநகராட்சி, 1070 மாநில அவசரகால மையம், 112 அவசர உதவி. மூன்றையும் பேப்பரில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், போனில் சார்ஜ் போனால் எண்ணும் போய்விடும்.

அந்த ஒன்பது தவிர, இரண்டு கட்டடங்களின் மொட்டை மாடிச் சாவி இன்னும் வரவில்லை. அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர் இன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறார். டீ கொடுத்தபின் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்