ஒற்றைச் சட்டைக்காகத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஆர்டர் வந்த பிறகே சட்டையில் படம் அச்சிட்டு, பெட்டி கட்டி அனுப்புகிறவர்கள் நாங்கள். ஆயிரம் சட்டை அடிக்கிற இடத்தில் ஒன்று கெட்டால் அது கழிவு. ஒன்றே ஒன்று அடிக்கிற எங்களுக்கோ அது ஒரு முழு வாடிக்கையாளர். இந்தக் கணக்குக்கூடப் புரியாமல் தொழிலில் இறங்கிய என்னைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு இந்த மடல்.

இயந்திரம் பார்க்க வந்த அண்ணனுக்கு முதல் நன்றி. மூன்றாம் வாரமே கறுப்புத் துணியில் வெள்ளை கோடு கோடாக விழுந்தது. நுண்துளைகள் வழியே மை தெளிக்கும் பிரிண்ட் ஹெட் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று வேறொருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நீங்கள் இயந்திரத்தைத் தொடவே இல்லை. மைப்புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். அடியில் சுண்ணாம்பு போலப் படிந்திருந்தது. வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்பொடி கனமானது, அசையாமல் விட்டால் கீழே இறங்கி, நுண்துளைகளை அடைத்துவிடும் என்றீர்கள். "காலையில் புட்டியைக் குலுக்காமல் சுவிட்சைப் போடாதே." இன்றும் அதே பிரிண்ட் ஹெட்தான் ஓடுகிறது.

திரையில் மின்னிய பச்சை, துணியில் பாசி நிறமாக வந்ததும் என்னைத் திட்டாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பிய ஓவியருக்கு நன்றி. ஒளி காட்டும் நிறமெல்லாம் மையில் வராது என்று இப்போது ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுகிறோம்.

பேக்கிங் மேசை அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? ஒருநாள் இரண்டு பொட்டலங்கள் மாறிப்போயின. பிறந்தநாள் வீட்டுக்கு நினைவஞ்சலிச் சட்டை போய்ச் சேர்ந்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை நீங்கள் ஒரு பெட்டி நிறைய ஊக்குகளோடு வந்தீர்கள். வெற்றுச் சட்டையை அலமாரியிலிருந்து எடுக்கும்போதே பார்கோடு சீட்டைக் குத்திவிட வேண்டும், அச்சு, சூட்டு அழுத்தம், மடிப்பு வரை அது கூடவே போக வேண்டும், அதை ஸ்கேன் செய்தால்தான் முகவரிச் சீட்டு வெளிவர வேண்டும் என்றீர்கள். மென்பொருள் எழுதும் தம்பி அதை இரண்டே நாளில் செய்து கொடுத்தார். மாறிவந்த சட்டையை மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பிய அந்த வீட்டாருக்கும் என் வணக்கம்.

கடைசியாக, முதல் போட்ட மாமாவுக்கு. வட்டி வேண்டாம் என்றீர்கள். மாதம் தவறாமல் கணக்குப் புத்தகத்தைக் கேட்டீர்கள். வட்டியே கட்டியிருக்கலாம் என்று நான் நினைத்ததுண்டு. "விலையில் சட்டை, மை, பெட்டி, அனுப்பும் செலவு எல்லாம் போட்டிருக்கிறாய். கெட்டுப்போவதற்கு எங்கே போட்டாய்?" என்று நீங்கள் கேட்ட அன்றுதான், ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் ஏன் கூடியது என்று எனக்கு விளங்கியது.

இந்த மாதப் புத்தகம் தயார், மாமா. மறுஅச்சுக்குத் தனிப் பத்தி போட்டிருக்கிறேன்.