அட்மிஷன் முடிந்த பிறகு யார் கேட்கிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேராசிரியர் சுகதேவ் தோரட் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர், 2006 முதல் 2011 வரை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தலைவர், பத்மஸ்ரீ என்று பதவிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு சாதிப் பாகுபாடு பற்றிய அவருடைய ஆய்வை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

டெல்லி எய்ம்ஸில் எஸ்சி, எஸ்டி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரித்து 2007-இல் அறிக்கை கொடுத்தது அவர் தலைமையிலான குழு. ஹாஸ்டலில் யாரோடு தங்குகிறீர்கள், ஆசிரியர் உங்களுக்கு நேரம் ஒதுக்குகிறாரா, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் சாதியைத் துருவுகிறார்களா என்று மாணவர்களிடமே கேட்டார்கள், வந்த பதில்கள் கொடுமையானவை. அதே வருடம் பால் அட்டவெல் என்பவரோடு சேர்ந்து இன்னொரு ஆய்வும் வந்தது. தகுதியில் வித்தியாசம் இல்லாமல் பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு வேலை விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைவு, முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. பட்டம் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நம் தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, அதற்குள் முஸ்லிம்களுக்கு 3.5, அருந்ததியருக்கு 3 என்று உள்ஒதுக்கீடும் இருக்கிறது, அதனால் பிள்ளைகள் உள்ளே வந்துவிடுகிறார்கள். சரி, அப்புறம்? வகுப்புக்குள் வந்து "ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொல்வது இன்னும் நடக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து நிற்கிற பிள்ளை அதன்பிறகு அந்த வகுப்பில் வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்குமா? இன்டர்னல் மார்க் போய்விடும் என்ற பயத்தில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, பாதியில் நின்றுபோனால் "வீட்டுக் கஷ்டம்" என்று எழுதி ஃபைலை மூடிவிடுகிறோம். இதில் சமயநல்லூர்ப் பக்கம் காட்டுநாயக்கன் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே போராட்டமாக இருக்கிறது, அவர்களுக்குக் கல்லூரி வாசல்கூட அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும் என்று யுஜிசி 2012-லேயே விதி போட்டது. பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு படிவம் கொடுத்து வருடம் ஒருமுறை மாணவர்களிடம் கேட்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. நீங்களும் ஒன்று செய்யுங்கள்: இந்த வருட அட்மிஷன் முடிந்ததும் மதுரைக் கல்லூரிகளுக்கு ஒரு நிருபரை அனுப்பி, அந்த அலுவலர் யார் என்று முதல்வரிடம் கேட்காமல் மாணவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உசிலம்பட்டி