மனு எழுதத் தெரிந்தவர்கள் துணைக்குப் போக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லஞ்சம் வாங்கியவர் கையும் களவுமாகப் பிடிபட்டார் என்ற செய்தி உங்கள் சேலம் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. 'நல்லா வேணும்' என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். யாரோ ஒருவர் பயத்தை விட்டுப் புகார் கொடுத்ததால்தான் அந்த ஆள் பிடிபட்டார். அப்படிப்பட்டவர்களைத் தனியாக விடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் இருப்பவன். மே, ஜூன் மாதங்களில் இங்கிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் பாருங்கள், பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாதிச் சான்றுக்கான அலைச்சல் அது. இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடியின் (கேரளத்தவர் அல்ல) பிள்ளைகளுக்குக் கல்லூரி இடமும் உதவித்தொகையும் அந்த ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது, அதைக் கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் விசாரணை, அறிக்கை என்று பல மேஜைகளைத் தாண்ட வேண்டும். எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு வருகிறவரை 'அடுத்த வாரம் வாங்க' என்று ரெண்டு தடவை திருப்பி அனுப்பினால் போதும், மூன்றாவது தடவை அவரே புரோக்கரைத் தேடிப் போய்விடுவார்.

ஓர் அலுவலக வாசலில் நான் நேரில் பார்த்தது இது. 'மேலே கொடுக்கணும்மா, எனக்கு ஒண்ணும் நிக்காது' என்று ஓர் அம்மாவிடம் புரோக்கர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னோடு வந்த நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், குறுக்கே போய், 'விண்ணப்பம் போட்ட சீட்டு இருக்காம்மா?' என்று கேட்டார். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வாங்கிய ஒப்புகைச் சீட்டை அந்த அம்மா நாலாக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு அவரோடு உள்ளே போய், இந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார், அவ்வளவுதான், சத்தம்கூடப் போடவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், பக்கத்து அறைக்குப் போய் வந்தார்கள், விசாரணை அறிக்கை வரவில்லை என்று தெரிந்தது. அந்தச் சான்று பைசா கொடுக்காமல் வந்து சேர்ந்தது.

எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அதே கேள்வியைப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம், 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும், இல்லாவிட்டால் மேல்முறையீடு. கொள்கை விளக்கமெல்லாம் கேட்க வேண்டாம், என் மனு எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

சேலம் டவுனில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 'நமக்கு நேரம் இல்லை, ஐந்நூறைக் கொடுத்து முடிச்சிடலாம்' என்று கொடுத்துவிட்டு வருகிறோம், அடுத்து வரிசையில் நிற்கும் மலைக்காரருக்கும் அதுதான் ரேட் ஆகிவிடுகிறது. 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும். அதைவிட, கேட்டவுடனேயே பணம் கொடுக்காமல் லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லிவிடுவது நல்லது. வாங்குகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்க நோட்டில் ரசாயனப் பொடி தடவுவதும் சாட்சிகளை வைப்பதும் அவர்கள் வேலை. ஆனால் அந்த அலுவலகப் படி ஏறும் தைரியம் கூலிக்காரர் ஒருவருக்குத் தனியாக வந்துவிடுமா? கூட ஒருவர் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பேங்க்காரர்கள், கல்லூரி மாணவர்கள் நம் ஊரில் குறைவில்லை. திங்கட்கிழமை காலை கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நிற்கும் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள், பாதிப்பேருக்குத் தங்கள் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. காசு வாங்காமல் எழுதிக் கொடுங்கள், படித்துக் காட்டுங்கள், ரசீது வாங்கும்வரை கூடவே நில்லுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சான்றுக் கட்டணங்களையும், லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 எண்ணையும், தகவல் மனு அனுப்பும் முறையையும் பள்ளி, கல்லூரி சேர்க்கை முடியும்வரை சேலம் பக்கத்தில் வாரம் ஒருமுறை கட்டம் கட்டிப் போடுங்கள். எங்கள் பக்கத்து டீக்கடைச் சுவர்களில் ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏற்காடு வாசகர்