அந்தப் பாடத்தை எடுத்துவிடாதீர்கள்: எங்கள் சட்டக் கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றைப் பற்றிய சர்வதேச குற்றவியல் சட்டம் என்ற விருப்பப் பாடத்துக்குப் போதிய மாணவர்கள் சேரவில்லை, அதனால் இந்த ஆண்டு நடத்தப்படாது, அதை எடுத்தவர்கள் வங்கிச் சட்டத்துக்கு மாற்றப்படுகிறார்கள் என்று அதில் இருந்தது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளக்கம் கேட்டு அலுவலகத்துக்கு வந்தபோது, அங்கிருந்த பேராசிரியர் ஒருவர், "இதைப் படிச்சு சேலம் கோர்ட்டுல என்னம்மா பண்ணப் போற?" என்றார். எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து அரூர் பக்கம் போனால் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமம் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்து, மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகள், ஊழியர்களில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தபோது இன்னொன்றும் சொன்னது: அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுங்கள் என்றது. தானே கை ஓங்காத, ஆனால் தடுத்திருக்க வேண்டிய மேலதிகாரிக்கு என்ன பொறுப்பு? நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தின் 28ஆவது பிரிவு முழுக்க இதைப் பற்றியதுதான். அவருக்குத் தெரிந்திருந்ததா, தடுக்க அதிகாரம் இருந்ததா, நடந்த பிறகு விசாரணைக்கு அனுப்பினாரா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கிறது. நம் பக்கத்து மாவட்டத்து வழக்கைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு இந்தப் பாடம் வேண்டும், ஐயா.

இனப்படுகொலைக்கு எதிரான 1948ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1959இல் ஏற்றுக்கொண்டது. அதற்கென்று உள்நாட்டுச் சட்டம் இன்றுவரை இல்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கு ஒன்றில் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த டெல்லி உயர்நீதிமன்றம், மானுடத்துக்கு எதிரான குற்றமும் இனப்படுகொலையும் நம் குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை, இந்த ஓட்டையை அவசரமாக அடைக்க வேண்டும் என்று எழுதியது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. ஓட்டை அப்படியே இருக்கிறது. அடைக்க வேண்டிய இடத்தை அறிந்தவர்கள் ஏதாவது ஒரு வகுப்பறையிலிருந்து வர வேண்டாமா?

அப்புறம், என் பக்கத்தில் உட்காரும் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாரமங்கலம் பக்கம் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறாள். அவள் அம்மா சின்னப் பெண்ணாக 1990இல் மண்டபத்தில் வந்திறங்கியவர். நம் நூலகத்தில் இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு புத்தகம்தான் இருக்கிறது. அது கண்ணாடி பீரோவில், ரெஃபரன்ஸ் முத்திரையோடு. வீட்டுக்குத் தரமாட்டார்கள், ஜெராக்ஸ் எடுக்க வெளியே கொண்டுபோகவும் கூடாது. சாவி வைத்திருப்பவர் சாப்பிட்டுவிட்டு வர இரண்டு மணி ஆகும். நான்கரைக்கு நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். பீரோ திறந்ததும் அவள் லாங் சைஸ் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மானுடத்துக்கு எதிரான குற்றங்களைச் சொல்லும் 7ஆவது பிரிவை வரி விடாமல் எழுதிக்கொள்வாள். ஆங்கிலம் ஒரு பக்கம், எதிர்ப்பக்கத்தில் பென்சிலால் தமிழ். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். வாசல் விளக்கை அணைக்கும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, தாரமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

அவளுக்கு இருந்த சந்தேகம் இதுதான். மியான்மர் ரோம் சட்டத்தில் சேரவில்லை. ஆனால் அங்கிருந்து ரோஹிங்கியா என்ற சிறுபான்மை மக்கள் விரட்டப்பட்டுப் போய்ச் சேர்ந்த வங்கதேசம் சேர்ந்திருக்கிறது. குற்றத்தின் ஒரு பகுதி வங்கதேச மண்ணில் நடந்திருப்பதால், நாடு கடத்தல் குற்றத்தை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2018 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் சொன்னது. "அப்படின்னா நாங்க வந்து இறங்கின இந்தியா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வகுப்பில் ஆள் இல்லை. அந்த பீரோ புத்தகத்திலிருந்துதான் அவளே கண்டுபிடித்தாள். ரோம் சட்டத்தில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. 2002 ஜூலை 1க்கு முன் நடந்த எதையும் அந்த நீதிமன்றம் தொட முடியாது. தன் அம்மாவின் வழக்குக்கு ஹேகில் கதவு இல்லை என்பதை, சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர்கூட இல்லாமல், தனியாக உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டாள். இந்தப் பெண்ணைத்தான் வங்கிச் சட்டத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள்.

சேலம் கோர்ட் பற்றிய கேள்வி அவளுக்கு எப்படி வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 24ஆவது பிரிவு, பதிவு செய்ய இந்தியக் குடியுரிமை கேட்கிறது. ஐந்து வருடம் படித்து முடித்தாலும் அவள் கவுன் போட்டுக்கொண்டு நிற்க முடியுமா என்பதே நிச்சயமில்லை. விசாரணைக் குழுக்கள், ஆவணப்படுத்தும் அமைப்புகள், ஐ.நா. அலுவலகங்கள் என்று குடியுரிமைச் சான்றை முதலில் கேட்காத வேலைகளுக்கு வழிகாட்டுகிற பாடம் எங்கள் பட்டியலில் இது ஒன்றுதான்.

இப்படிப் போய்ச் சேர்ந்தவர் இல்லாமலும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில், பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில், 1998 செப்டம்பர் 2 அன்று அகயேசு என்ற முன்னாள் மேயர் மீதான வழக்கில் தீர்ப்புச் சொன்ன மூன்று நீதிபதிகளில் ஒருவர். பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைச் செயலாக முடியும் என்று உலகில் முதன்முறையாகச் சொன்ன தீர்ப்பு அது. பின்னர் ஹேகில் நீதிபதியாகவும் ஐ.நா. மனித உரிமை ஆணையராகவும் இருந்தார். அவர் பெயரைக்கூட எங்கள் வகுப்பில் யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

 இதற்கென்று தனிப் பட்டம் ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை, ஒரு செமஸ்டர், ஒரே ஒரு பாடம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகள் இதை வைத்து மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்கு விமானத்தில் போகிறார்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற, அப்பா அம்மா காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற என் வகுப்புத் தோழனுக்கு மட்டும் 'உனக்கு எதற்கு இது' என்ற கேள்வி வருகிறது. நல்ல பாடமெல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும், பிழைப்புப் பாடம் மட்டும் சேலத்துக்கு என்று யார் பிரித்தது? ஊருக்கு ஒரு கல்லூரி கொடுத்துவிட்டு, அதில் படிக்கும் பிள்ளைகள் எவ்வளவு தூரம் யோசிக்கலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்தால் எப்படி?

கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். ஆசிரியர் பற்றாக்குறை உண்மை என்று தெரியும். ஒரு கௌரவ விரிவுரையாளர் போதும். அதுவும் முடியாவிட்டால், வாரம் இரண்டு வகுப்பை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் இணையத்தில் எடுக்கட்டும். ஹேக் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, விசாரணைகளையும் பார்க்கலாம். மொத்தம் 128 பிரிவுகள் கொண்ட ரோம் சட்டத்தை அச்செடுத்துப் பகிர்ந்துகொள்ளும் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை என்ற விதியை இந்த ஒரு பாடத்துக்குத் தளர்த்தி, இந்த ஆண்டே நடத்துங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். அந்தப் புத்தகத்தை இரவல் பிரிவுக்கும் மாற்றிக் கொடுங்கள்.

பாடப்பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குள் எழுத்தில் பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வங்கிச் சட்டத்துக்கான மாற்றுப் படிவத்தில் நாங்கள் யாரும் இன்னும் கையெழுத்திடவில்லை. இந்தப் பாடத்தை நடத்தியே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு மாணவி,
ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, சேலம்