பின்சீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்கும் ஹெல்மெட் சோதனை என்று சென்ற வாரம் நம் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நான்கு வயதைத் தாண்டிய யாரும் தலைக்கவசம் இல்லாமல் பைக்கில் ஏறக் கூடாது என்பதுதான் சட்டம். அதில் எனக்குச் சண்டை இல்லை. பின்சீட்டில் இருப்பவருக்கும் சேர்த்து 1,000 ரூபாய் அபராதம் போடத் தெரிந்த சட்டம், அவர் கீழே விழுந்தால் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆக்சிடென்ட் கேஸ் போட வருகிறவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியில் கொடுத்த ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), எக்ஸ்ரே, நாலாக மடித்து மடிப்பில் கிழிந்துபோன இன்சூரன்ஸ் தாள். அந்தத் தாளை யாரும் அதுவரை விரித்துப் படித்திருக்க மாட்டார்கள். என் கடை மேஜையில்தான் அது முதல்முறையாக விரியும். 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், அதில் 17,884 பேர் இறந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. என் கடைக்கு மஞ்சள் பை வராத வாரம் கிடையாது.

எங்கள் வீட்டுத் தாளும் அதே மேஜையில்தான் விரிந்தது. 2023 ஆவணியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு மாமாவும் அக்காவும் ராத்திரி பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் கறிக்குழம்புத் தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முந்தின நாள் வரை இல்லாத ஒரு வேகத்தடை. வெள்ளைக் கோடு இல்லை, போர்டு இல்லை, பக்கத்தில் விளக்கும் இல்லை. வண்டி தூக்கிப் போட்டதில் மாமா சமாளித்துவிட்டார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பின்னால் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்குத் தோள்பட்டையும் இடுப்பும் முறிந்தன. இன்றைக்கும் வலது கையால் தோசையைத் திருப்ப மாட்டாள்.

முதல் இரண்டு நாள் வைத்தியம், விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச வைத்தியம் தரும் அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் நடந்தது. யார் மேல் தப்பு, எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லை. அந்தத் திட்டத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். மூன்றாம் நாள் அக்காவின் சங்கிலி அடகுக்குப் போனது.

“அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்குல்ல மாப்ள, அப்புறம் என்ன?” என்றார் மாமா. வண்டி 2021-இல் எடுத்தது. ஷோரூமில் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்கள். பொய்யும் இல்லை. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்து வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடிபடும் அடுத்தவருக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். ஆனால் வண்டி சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போடுகிறார்கள். ஊரில் நாம் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்வது அந்த முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். மிச்ச நாலு வருஷம் கையில் இருப்பது வெறும் தேர்டு பார்ட்டி. அந்தத் தேர்டு பார்ட்டிக்குள் பின்சீட்டில் இருப்பவர் வர மாட்டார்! எதிரே நடந்து போகிறவர் வருவார், சைக்கிள்காரர் வருவார், நம் வீட்டுப் பெண்ணுக்கு இடம் இல்லை. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி வைத்திருக்கும் வண்டியில் பின்னால் சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் பின்சீட்டும் சேரும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதை விற்கிறவர் சொல்வதில்லை.

வக்கீல் ஒருவர் எங்களுக்கு வழி சொன்னார். அக்கா கேஸ் போடலாம், ஆனால் மாமா மேல்தான் போட வேண்டும். ஜெயித்தால் பணம் மாமா தர வேண்டும். அதாவது ஒரே பீரோவின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்கலாம்.

வேகத்தடை போட்டவர்கள்? விழுந்த மூன்றாம் நாள் அங்கே வெள்ளைக் கோடு வந்துவிட்டது, அவ்வளவு சுறுசுறுப்பு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், சாலையை விதிப்படி அமைக்காமலும் பராமரிக்காமலும் விட்டு அதனால் சாவோ உடல் ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பானவருக்கு 1 லட்சம் வரை அபராதம் என்று ஒரு பிரிவே இருக்கிறது. அந்த அபராதமும் அரசின் நிதிக்குத்தான் போகும். விழுந்தவர் கைக்கு வராது.

இதெல்லாம் தானாக விழுந்தவர்கள் கதை. இன்னொரு வண்டி மோதியிருந்தால் பின்சீட்டுக்காரரின் கை உண்மையில் பலமான கை, அதுவும் பலருக்குத் தெரியவில்லை. இரண்டு வண்டி மேலும் தப்பு இருந்தால்கூட, எந்த வண்டிக்காரரிடம் வேண்டுமானாலும் முழு இழப்பீட்டையும் அவர் கேட்கலாம். “உங்க வீட்டுக்காரர் மேலயும் தப்பு இருக்கு, பாதிதான் கிடைக்கும்” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து சமாதானம் பேசுகிறவர்களை நம்பி வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே இழப்பீட்டை வெட்ட முடியாது, விபத்துக்கு அதுதான் காரணம் என்று காட்ட வேண்டும் என்றும் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. (மூன்று பேர் போகலாம் என்று நான் சொல்லவில்லை. போலீஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி கடைசிவரை சிக்கவே இல்லை என்றாலும் அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 உண்டு. அதற்கு விண்ணப்பிக்கத் தாளோடு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடுவேன்.

காலக்கெடு விஷயம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும் என்று விதி. நம் ஆட்கள் கட்டுப் பிரிக்கட்டும், கருமாதி முடியட்டும், நல்ல நாள் வரட்டும் என்று எட்டாவது மாதம் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அது எப்படிப் போனாலும், அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்றும் இல்லை, தாம் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது.

இத்தனையும் பாதிக்கப்பட்டவருக்கு யார் சொல்ல வேண்டும்? அதற்கும் விதி இருக்கிறது. விபத்து நடந்த பத்து நாளுக்குள், அவருக்கு என்னென்ன உரிமை, அடுத்து என்னென்ன நடக்கும் என்று அச்சிட்ட ‘படிவம் 2’ஐ விபத்தை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி அவர் கையில் கொடுக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறை. இந்தக் கடிதத்தை எழுதும் நாள் வரை அந்தப் படிவத்தை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குக் கொண்டுவந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

தேர்டு பார்ட்டி பாலிசியிலேயே பின்சீட்டையும் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்லி அரசைக் கேட்க வேண்டும். கூடுதலாக ஆகும் பிரீமியத்தை வண்டி வாங்குகிறவன் தலையில் கட்டினாலும் பரவாயில்லை, ஹெல்மெட்டுக்குக் கொடுக்கிறோம் இல்லையா. அது நடக்க நாளாகும் என்று எனக்கும் தெரியும். அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் படிவம் 2-ஐத் தமிழில் ஒருநாள் கால் பக்கம் போடுங்கள். வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன். மஞ்சள் பையோடு வருகிறவர்களுக்கு அதை மட்டும் காசு வாங்காமல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
திண்டுக்கல்.